தெற்கே ஒரு மேரு

தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்வெளியைப் பார்த்திருக்கிறீர்களா? பாய் விரித்தாற்போல் இருக்கும். வயல், வாய்க்கால், மூங்கில் கொத்து, தென்னந்தோப்பு, மறுபடியும் வயல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடு கிடையாது. அந்தச் சீமையில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கூடக் கல் வெளியூரிலிருந்துதான் வந்தாகவேண்டும். அப்படிப்பட்ட ஊரில், 1000 வருஷங்களுக்கு முன் ஒரு ராஜாவுக்கு மலை வேண்டுமென்று ஆசை வந்தது. சாதாரண மலையும் அல்ல. சூரியனும் சந்திரனும் சுற்றி வருகிறதாகப் புராணம் சொல்லும் மேரு மலை!

ஆசைப்பட்டதோடு அவன் நிற்கவில்லை. கட்டியும் விட்டான். அதற்குத் தக்ஷிண மேரு என்று பெயரும் வைத்தான். நாம் 'பெரிய கோவில்' என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறோம்.

இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகப் போகிறேன். வழக்கமாகப் பெரிய கோவிலுக்குப் போகிறவர்கள் நந்தியின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "அடேயப்பா, எவ்வளவு உயரம்!" என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்து வலியோடு ரயிலேறிவிடுவார்கள். நானும் மூன்று தடவை அப்படித் திரும்பியவள்தான். நாலாவது தடவை போனதற்கு ஒரு வீட்டுக் காரணம் உண்டு.

என் தங்கை புதிதாக ஒரு வீடு வாங்கினாள். குடிபோன ஆறாவது மாதம் வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்தார். வாசலில் நின்றார், கூடத்தில் நின்றார். சமையலறையில் மட்டும் நிற்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். அடுப்பு அக்னி மூலையில் இல்லையாம். இடித்து மாற்றாவிட்டால் வீட்டுக்காரிக்கு ஆகாதாம். சொல்லிவிட்டுத் தட்சிணையை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். இவளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

"அக்கா, காலையிலே பாலைக் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தால் கை நடுங்குகிறது" என்று டெலிபோனில் சொன்னாள். நாலு வளையலை அடகு வைத்துச் சமையலறையை இடிப்பதென்று முடிவுகூடச் செய்துவிட்டாள். கொத்தனாருக்கு நாள் சொல்லியாகிவிட்டது.

"இடிக்கிறது இருக்கட்டும். இந்த சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் கட்டிய வீடு ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து இடி" என்றேன். கிளம்பினாள். நீங்களும் வாருங்கள்.

பெரிய கோவிலுக்குள் நுழையும்முன் ஓர் அகழியைக் கடக்கவேண்டும். புராணம் படித்தவர்கள் உடனே, "ஆஹா, மேருவைச் சுற்றிச் சமுத்திரம்!" என்பார்கள். அவசரப்படாதீர்கள். இது பிற்பாடு நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டையின் அகழி. ராஜராஜனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிஜமாகவே மேருவைச் சுற்றிச் சமுத்திரம் வெட்டியவர்கள் காம்போஜ தேசத்துக்காரர்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அங்கோர் வாட்டில் ஐந்து கோபுரங்கள் மேருவின் ஐந்து சிகரங்களாக நிற்கின்றன. சுற்றிலும் சுமார் 190 மீட்டர் அகலத்துக்கு நீர். பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் மேற்கு வாசல் பாதையில் விடியற்காலை நின்றால், நடுக் கோபுரத்தின் உச்சியிலிருந்தே சூரியன் கிளம்புகிற மாதிரி இருக்கும். கம்போடியா போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இன்றைக்குத் தஞ்சாவூர் போதும்.

மேரு, மேரு என்கிறேனே, அது எங்கே இருக்கிறது? புராணங்களின் கணக்குப்படி உலகத்தின் நட்ட நடுவில் இருக்கிறது. பொன் மலை. அதைச் சுற்றி ஜம்பூத்வீபம். அதற்கு அப்பால் வரிசையாக மற்றத் தீவுகளும் கடல்களும். உப்பு நீர், கரும்புச் சாறு, நெய், தயிர், பால் என்று அந்தக் கடல்களின் பட்டியலைக் கேட்டால் யாரோ ஒரு பாட்டியம்மாளின் சமையலறை அலமாரியைத் திறந்த மாதிரி இருக்கும். மலையின் எட்டுத் திக்கிலும் எட்டுக் காவலர்கள். உச்சியில் பிரம்மாவின் பட்டணம். சூரிய சந்திரர்களும் நட்சத்திரங்களும் அதை வலமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

நம் வீட்டுக் கல்யாணத்திலோ திவசத்திலோ சாஸ்திரிகள் சங்கல்பம் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். ஜம்பூத்வீபத்தில், பாரத வர்ஷத்தில், மேருவுக்குத் தெற்குப் பக்கத்தில் என்று அடுக்கிக்கொண்டே போவார். வேறொன்றும் இல்லை, தபால் விலாசம் எழுதுகிற மாதிரி! எந்த உலகத்தில், எந்தத் தீவில், மலைக்கு எந்தப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் காரியத்தைச் செய்கிறோம் என்று தேவர்களுக்குத் தெரிவிக்கிறோம். நாம் எல்லோரும் மேருவுக்குத் தெற்கே குடியிருக்கிறவர்கள். அந்த மேருவை நாம் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. அதனால்தான் தெற்கிலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டான் சோழன்.

இரண்டு கோபுரங்களைத் தாண்டவேண்டும். முதலாவது கேரளாந்தகன் வாசல், இரண்டாவது ராஜராஜன் வாசல். பிற்காலத்துக் கோவில்களில் வாசல் கோபுரங்கள் வானளாவி நிற்கும். மூலஸ்தானத்தின் மேல் இருக்கும் விமானம் அடக்கமாக இருக்கும். ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரங்களுக்கும் வெளியே நிற்கும் ராஜகோபுரம் 236 அடி. அது பூர்த்தியானதே 1987-இல்தான். இங்கே அப்படியல்ல. வாசல்கள் குட்டை, நடுவில் இருப்பதுதான் நெட்டை. மலை நடுவில்தானே இருக்கவேண்டும்!

ராஜராஜன் வாசலைத் தாண்டியதும் திடீரென்று வெளிச்சம். அந்த முற்றம் கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர், தெற்கு வடக்காகச் சுமார் 120 மீட்டர். இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல. மேற்குச் சதுரத்தின் மையத்தில் மூலவர் இருக்கிறார். அவர் தலைக்கு மேலே 13 நிலைகளாகச் சுமார் 200 அடி உயரத்துக்குக் கல் எழும்பி நிற்கிறது.

"இந்த விமானத்தோட நிழல் தரையிலே விழவே விழாதும்மா" என்று பக்கத்தில் ஒருவர் தம் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மணி காலை ஒன்பது. விமானத்தின் நிழல் மேற்கே நீளமாக விழுந்து கிடந்தது. அந்த அம்மாள் அதில்தான் நின்றுகொண்டிருந்தாள். வெயிலுக்கு இதமாக இருந்ததோ என்னவோ, ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அடிப்பாகம் அகலமாக இருப்பதால் வருஷத்தில் பல நாட்கள் உச்சி வேளையில் நிழல் கட்டடத்தின் மேலேயே அடங்கிவிடுகிறது. காலையிலும் மாலையிலும் எல்லாக் கட்டடத்துக்கும் போல இதற்கும் நிழல் உண்டு. உச்சியில் இருப்பது ஒரே கல், 80 டன் என்ற கதையும் அப்படித்தான். பல கற்களைச் சேர்த்து இழைத்தது அது.

எனக்கு இந்த நிழல் கதையில்தான் கோபம். ஏன் தெரியுமா? கோவில் கட்டுகிற வேலை ஆரம்பமாவதே ஒரு நிழலில்தான்.

திருச்சுற்று மாளிகையில் ஒரு தூணோரமாக உட்கார்ந்து தங்கைக்கு அதைத்தான் சொன்னேன். (இந்த மாளிகையை ராஜராஜனின் கட்டளைப்படி எடுத்தவன் கிருஷ்ணன் ராமன் என்ற சேனாதிபதி. சண்டை போடுகிறவரிடம் கட்டட வேலையை ஒப்படைத்திருக்கிறான் பாருங்கள்!)

மயமதம், மானசாரம், வராஹமிஹிரரின் பிருஹத் ஸம்ஹிதை முதலிய நூல்களில் முதல் வேலை மண் பார்ப்பது. ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போடச் சொல்கிறார்கள். மண் மிஞ்சினால் உத்தமம். சரியாக இருந்தால் மத்திமம். குழி நிறையாவிட்டால் அந்த இடமே வேண்டாம். கெட்டியான மண் தோண்டினால் உப்பும், பொலபொலத்த மண் அமுங்கிப்போகும். நம் வீட்டில் மாவை அமுக்கிப் படியில் அளப்பதற்கும் சலித்து அளப்பதற்கும் உள்ள வித்தியாசந்தான். பிறகு உழுவார்கள், விதைப்பார்கள். முளைத்துப் பயிரானதும் பசுக்களை விட்டு மேயச் செய்வார்கள். பசு மேய்ந்த இடத்தில்தான் சுவாமிக்கு வீடு.

அடுத்ததுதான் குச்சி. தரையைத் தண்ணீர் மட்டம் பார்த்துச் சமமாக்கி, நடுவில் நேரான குச்சி ஒன்றை நடுகிறார்கள். அதற்குச் சங்கு என்று பெயர். குச்சியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு கயிற்றால் அதைச் சுற்றி ஒரு வட்டம். காலையில் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும். சூரியன் ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே வந்து, நம் ஊரில் சுமார் எட்டு மணிக்கு நிழலின் நுனி வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு புள்ளி. சாயங்காலம் சுமார் நாலு மணிக்கு நிழல் கிழக்கே நீண்டு மறுபடியும் வட்டத்தைத் தொடும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் கிழக்கு மேற்கு. அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் கயிற்றைச் சுழற்றினால் நடுவில் மீன் மாதிரி ஓர் உருவம் வரும். அதன் தலையையும் வாலையும் இணைத்தால் தெற்கு வடக்கு. ஒரே நாளுக்குள் சூரியன் துளி வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்துவிடுகிறானே, அதையும் மாதவாரியாகக் கழித்துக் கட்டக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

"அப்புறம்?" என்றாள் தங்கை. கதை கேட்கிற சுவாரஸ்யம் வந்துவிட்டது.

அப்புறம் கோலம். ஆமாம், நீங்களும் நானும் மார்கழியில் போடுகிற மாதிரி. புள்ளிக்குப் பதிலாகக் கட்டம். எட்டுக்கு எட்டு, 64 கட்டம். அல்லது ஒன்பதுக்கு ஒன்பது, 81 கட்டம். இந்தக் கட்டங்களுக்குள் ஓர் ஆள் படுத்திருக்கிறான், தலை வடகிழக்கில், கால் தென்மேற்கில். ஆகாசத்தையும் பூமியையும் அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய பூதத்தைத் தேவர்கள் பிடித்துக் குப்புறத் தள்ளி, எழுந்திருக்காதபடி ஆளுக்கொரு அங்கத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்களாம். அவன்தான் வாஸ்து புருஷன். உட்கார்ந்த தேவர்கள் 45 பேர். 81 கட்டக் கோலத்தில் வெளி வரிசையை எண்ணிப் பாருங்கள், சரியாக 32 கட்டம் வரும். 32 தேவர்கள் அங்கே. கிழக்கின் நடுவில் சூரியன், தெற்கின் நடுவில் யமன், மேற்கில் வருணன், வடக்கில் சோமன். தென்கிழக்கு மூலையில் அக்னி. நட்ட நடுவில் ஒன்பது கட்டங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பிரம்மா.

ஒழுங்கில்லாமல் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்த ஒன்றைச் சதுரமாக மடக்கி, அதில் திசைக்கு ஒருவரைக் குடிவைத்தார்கள். வானத்தில் சூரியன் போகிற வழியைக் குச்சியால் பிடித்து, அதைத் தரையில் கோலமாகப் போட்டார்கள். எனக்குத் தெரிந்தவரையில் வாஸ்து சாஸ்திரத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பயமுறுத்துகிற சமாசாரமெல்லாம் அதைச் சுற்றிப் பிறகு முளைத்த களை என்பது என் அபிப்பிராயம்.

நடுவில் இருக்கும் பிரம்மாவின் இடத்தில், வீடாக இருந்தால், சுவரோ தூணோ வைக்கமாட்டார்கள். திறந்த இடமாக விட்டுவிடுவார்கள். நம் பாட்டி வீட்டு முற்றத்தை நினைத்துப் பாருங்கள். மழை கொட்டும், வெயில் விழும், நிலா இறங்கும், நெல் காயும், குழந்தைகள் ஓடும். வீட்டுக்குள் ஒரு துண்டு ஆகாசம்! இன்றைய அடுக்குமாடி வீடுகளில் அந்த இடத்தில் சாப்பாட்டு மேஜை நிற்கிறது.

கோவிலாக இருந்தால் நடுவில் கர்ப்பக்கிருகம். கருவறை என்று தமிழில் இன்னும் அழகாகச் சொல்கிறோம். பெயருக்கு ஏற்றாற்போல் அஸ்திவாரத்தில் ஒரு கரு வைப்பார்கள். பல இடத்து மண், தானியங்கள், உலோகங்கள், ரத்தினங்கள் எல்லாம் போட்ட ஒரு பேழையை இரவு நேரத்தில் உள்ளே இறக்குவார்கள். அதற்கு மேலே எழும்புகிற கட்டடத்துக்கும் உடம்பின் பெயர்கள்தான். தூணுக்குப் பாதம் என்று பெயர். மேலே கழுத்து, அதற்கும் மேலே தலை, தலையின் மேல் குடுமி.

சரி, எழுந்திருங்கள். இப்போது அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. அடியில் சதுரம். நிலை நிலையாகச் சுருங்கிக்கொண்டே போய் உச்சியில் எட்டுப் பட்டை. அதற்கு மேலே உருண்டையான கலசம். சதுரம், எட்டுப் பட்டை, வட்டம். உள்ளே இருக்கும் லிங்கத்துக்கும் ஆகமம் இதே வரிசையைத்தான் சொல்கிறது. பூமிக்குள் புதைந்திருக்கும் அடிப்பாகம் சதுரம், அது பிரம்மாவுக்கு. ஆவுடையாருக்குள் மறைந்திருக்கும் நடுப்பாகம் எட்டுப் பட்டை, விஷ்ணுவுக்கு. நாம் தரிசிக்கிற மேல்பாகம் உருண்டை, ருத்திரனுக்கு. உள்ளே இருக்கிற சிறியதும் வெளியே இருக்கிற பெரியதும் ஒரே ஜாடை. தாயும் பெண்ணும் மாதிரி!

மலை என்று சொன்னேனே, இந்த மலை உள்ளே கெட்டியல்ல. கருவறைக்கு மேலே உட்புறம் கூடாக, குறுகிக்கொண்டே உச்சி வரை போகிறது. கல்லின்மேல் கல்லைச் சிறிது சிறிதாக உள்நோக்கி நீட்டி அடுக்கியிருக்கிறார்கள். சாந்து வைத்துப் பூசிய வேலையல்ல. பாரமே பாரத்தைத் தாங்குகிறது. கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்கள், நடுவில் ஒரு சுற்றுப் பாதை. அந்தப் பாதைச் சுவரில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் ஒளிந்திருந்ததை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேல் தளத்தில் சிவபெருமானே ஆடிக்காட்டும் பரத நாட்டியக் கரணங்கள், மொத்தம் 108-இல் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27 வெறும் கல்லாகவே நிற்கின்றன. 81 என்றதும் "ஒன்பதுக்கு ஒன்பது!" என்றும், 27 என்றதும் "நட்சத்திரம்!" என்றும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கோவிலில் அப்படி முடிச்சுப் போட ஆரம்பித்தால் செருப்பு விடுகிற இடத்துக்குக்கூடத் தத்துவம் சொல்லிவிடலாம்.

இப்போது ஒரு பிரதக்ஷிணம். வலமாகவே போகவேண்டும், மேருவைச் சூரியன் சுற்றுகிற மாதிரி. திருச்சுற்று மாளிகையை ஒட்டி எட்டுத் திசைக் காவலர்களுக்கும் இடம் வைத்திருக்கிறான் ராஜராஜன். கிழக்கே இந்திரனில் ஆரம்பித்து நடந்தால் முதலில் வருவது தென்கிழக்கு மூலை, அக்னியின் இடம். தங்கை அங்கே வந்ததும் நின்றுவிட்டாள்.

"இவர்தானா அக்கா என் வளையலைக் கேட்கிறவர்?"

எனக்குச் சிரிப்பு வந்தது; அவளுக்கும் வந்தது. அதற்கு முன் மூன்று வாரமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அக்னி ஒன்றும் கேட்கவில்லை. தெற்கே யமனும், தென்மேற்கே நிருதியும் அவரவர் இடத்தில் இருக்க, நாங்கள் அவர்களையும் கடந்து நடந்தோம். யமனுக்குக்கூட இங்கே ஒரு வீடு உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆகாத திசை என்று ஒன்றை இந்தக் கோலத்தில் யாரும் அழித்துவிடவில்லை.

விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி வரும்போது கல்வெட்டுகளை விட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் விரலால் தொடாமல் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அவ்வளவு அழகான எழுத்து. கோவிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தன் அக்காள் கொடுத்தவற்றையும், தன் மனைவிமார் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் இந்தக் கல்லிலே வெட்டுங்கள் என்று ராஜா உத்தரவிட்டிருக்கிறான். தனக்கு அடுத்தபடி அக்காள்! அந்தக் குந்தவையார் தம் தகப்பனாருக்கும் தாயாருக்கும் இங்கே பிரதிமைகள் எடுத்தார். தக்ஷிண மேரு விடங்கர் என்று பெயர் பெற்ற ஆடவல்லாரின் திருமேனிக்குத் துணையாக உமா பரமேசுவரியையும் செய்து வைத்தவர் அவர்தான். தம்பி மலையைக் கட்டினான். அந்த மலையின் பெயர் தாங்கிய சுவாமி தனியாக நிற்கக்கூடாது என்று அக்காளுக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொன்று. சுவாமிக்குக் கொடுத்த நகைகளை நிறுக்க ஒரு தனிக் கல் வைத்திருந்தார்கள். அதன் பெயர் தக்ஷிணமேரு விடங்கன். பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். உலகத்தின் நடுவில் நிற்கிற மலையின் பெயரைத் தராசுத் தட்டிலே வைத்து முத்தையும் மாணிக்கத்தையும் நிறுத்திருக்கிறார்கள். தளிச்சேரியில் குடியேற்றிய 400 ஆடல் மகளிரின் பெயரையும், யாருக்கு எந்த வீடு என்பதையும், ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் இருக்கிறது. இத்தனை பேர் பெயரைப் பார்த்த பிறகு இந்த மலை எனக்கு மேலுலகத்துச் சமாசாரமாகத் தோன்றவில்லை. பெரிய குடும்பம் ஒன்றின் கணக்குப் புஸ்தகமாகத்தான் தோன்றியது.

ராஜராஜனின் 25-ஆம் ஆட்சி வருஷத்தில், 275-ஆவது நாளன்று, உச்சியில் வைக்க ஒரு செப்புக் குடத்தைக் கொடுத்திருக்கிறான். அது 1010-ஆம் வருஷம். குடத்தின் எடை 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் தகடு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறரைக் கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக்கூட விடவில்லை! மேரு பொன் மலை அல்லவா, உச்சியிலாவது பொன் மின்னவேண்டும்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆயாதி என்று ஒரு கணக்கு உண்டு. ஸ்தபதிகள் இன்றும் போடுகிறார்கள். கட்டடத்தின் அளவைச் சில எண்களால் பெருக்கி, 27, 7, 30 என்று வகுப்பார்கள். 27 நட்சத்திரம், 7 கிழமை, 30 திதி. மீதி வருவது கட்டடத்தின் நட்சத்திரம், கிழமை, திதி. நமக்கு ஜாதகம் இருப்பதுபோல் சுவருக்கும் ஜாதகம்! விளையாட்டாக நான் ஒன்று போட்டுப் பார்த்தேன். 30 கோல் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் பெருக்கினால் 240. அதை 27-ஆல் வகுத்தால் மீதி 24. அசுவினியிலிருந்து எண்ணினால் 24-ஆவது நட்சத்திரம் சதயம். ராஜராஜன் பிறந்த நட்சத்திரம். இன்றும் ஐப்பசியில் தஞ்சாவூரில் சதய விழா அமர்க்களப்படுகிறது. பெரிய கோவிலின் அளவு இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வேலைக்காரன் கோலை எடுத்துத் தரையை அளக்கும்போது அவன் மனத்தில் நட்சத்திரங்களும் கூடவே நடந்தன என்பதற்காகச் சொன்னேன்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். நீங்களும் இருங்கள். வெயில் சாயச் சாய, காலையில் மேற்கே கிடந்த நிழல் இப்போது கிழக்கே எழுந்து, நந்தி மண்டபத்தை நோக்கி மெதுவாக நகர்கிறது. குழந்தைகள் அதன் ஓரத்தில் ஓடி விளையாடுகிறார்கள். பெண்கள் கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். தங்கை அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது ரயிலில், "அக்கா, குச்சி எவ்வளவு நீளம் இருக்கணும்?" என்று கேட்டாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே அமர்க்களம். நேரான மூங்கில் குச்சி ஒன்றைக் களிமண் உருண்டையில் நட்டு, கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு நேராக்கினாள். சுண்ணாம்பால் வட்டம். காலையில் ஒரு புள்ளி. அவள் பையன், "கையிலே இருக்கிற டெலிபோனே திசை சொல்லுமே அம்மா" என்று கேலி செய்தான். "அது சொல்லட்டும், நானும் பார்க்கிறேன்" என்று விட்டாள். மாலை நாலு மணிக்கு இரண்டாவது புள்ளி. ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, நூலில் சுண்ணாம்பு தடவிச் சுண்டினோம்.

கோடு, மாடியின் கைப்பிடிச் சுவருக்கு இணையாக விழவில்லை. மூலைக்கு மூலையாக விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். அந்தத் தெரு வளைந்து போகிற தெரு. வீடு தெருவைப் பார்த்து நிற்கிறது. வந்தவர் தெருவைக் கிழக்கு என்று வைத்துக்கொண்டு மூலைகளை எண்ணிவிட்டார். வானத்தைக் கேட்டால், வீட்டின் நாலு மூலைகளும் கிட்டத்தட்ட நாலு திசைகளை நோக்கி நிற்கின்றன. தென்கிழக்கு என்பது கூடத்துச் சுவரின் நடுப்பாகம். அங்கே துணி பீரோ இருக்கிறது. பையன் டெலிபோனைக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு மௌனமாக எடுத்துக்கொண்டான்.

"அக்கா, என் வீட்டிலே அக்னிக்கு மூலையே இல்லை!" என்றாள் தங்கை.

கொத்தனாருக்கு அன்று ராத்திரியே தகவல் போயிற்று. தூக்குக் குண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தாளாம், அந்த அடுப்பில் போட்டதுதான். சுண்ணாம்புக் கோட்டை மட்டும் அவள் அழிக்கவில்லை. போன வாரம் போயிருந்தபோது அதன்மேல் பழைய வேஷ்டியை விரித்து வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். "எட்டு மணிக்கு நிழல் இங்கே வரும், கொஞ்சம் தள்ளிப் பிழி" என்று கூட இருந்த மாமியாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.